பொதுமக்கள் பயன்பாடு: இல்லை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். முப்பத்தோரு வருடம் காப்பீட்டு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தவன், முறை தெரியாதவன் இல்லை. ஆனால் இன்று காலை நான் போட்டுக் குடித்த டீயில் உப்பு இருந்தது, சர்க்கரை டப்பா எதுவென்று கேட்க வீட்டில் ஆள் இல்லை, ஆகையால் சௌக்கியம் என்ற சொல்லை அடுத்த கடிதத்துக்கு ஒத்திவைக்கிறேன். உங்கள் வீட்டில் எல்லோரும், குறிப்பாக மூன்று வாரமாக அங்கே வந்து தங்கியிருக்கும் என் மனைவியும், அவளுடைய வலது தோளும் குணமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நிற்க. அவள் உங்களிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். "ஒரு வாளித் தண்ணிக்காக என்னை ஆபீசுல மாட்டிவிட்டார்" என்று ஒரே வரியில் முடித்திருப்பாள். ஒரே வரியில் சொன்னால் எந்த விஷயமும் அசிங்கமாகத்தான் தெரியும். எனவே நடந்ததை நடந்தபடி, வரிசையாக எழுதுகிறேன். படித்துவிட்டு, நியாயம் தெரிந்த மனிதர் என்ற முறையில் நீங்கள் அவளை அடுத்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பினால் போதும்.

எங்கள் தெருவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நாற்பத்தோரு வீடு, கோடியில் ஓர் அடிபம்பு. எங்கள் வீட்டு வாசலிலிருந்து பம்புக்கு எண்பது அடி தூரம், அப்புறம் மாடிக்கு இருபத்திரண்டு படி. தெருவுக்குப் பின்னால் இருந்த காலி நிலத்தில் தொள்ளாயிரம் வீடு கொண்ட அடுக்குமாடி கட்ட ஒருவர் வந்தார். எல்லோரும் அவரைக் கட்டடக்காரர் என்றுதான் சொல்லுவோம். குடிநீர் இலாகா அவருக்கு ஒரு நிபந்தனை போட்டது: கட்டிக்கொள், ஆனால் உன் செலவில் பொதுமக்களுக்குத் தண்ணீர்த் தொட்டியும் குழாயும் போட்டுக் கொடுத்துவிட்டுக் கட்டு. குழாய் எங்கள் தெரு வழியாகத்தான் போக வேண்டும், அதற்குத் தெரு நலச் சங்கத்தின் சம்மதம் வேண்டும், சங்கத்தின் செயலாளர் யார் என்று உங்களுக்குத் தெரியும். ஒப்பந்தம் நாற்பத்தாறு பக்கம். தெருவில் வேறு யாரும் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. நான் ஒருவன்தான் இரண்டு நாள் உட்கார்ந்து முழுவதையும் படித்து, சிவப்பு மையில் முப்பத்தேழு எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். கட்டடக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், தெருவுக்கு ஒருத்தர் உங்களை மாதிரி இருந்தா எங்க வேலை எவ்வளவு சுலபமா முடியும்" என்றார். அன்றைக்கு அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஏழு மாதம் தெருவைத் தோண்டினார்கள். உங்கள் தங்கை பலகை மேல் நடந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். "ஏழு மாசந்தானே, பொறுத்துக்கோ, அப்புறம் சமையலறையிலயே திறந்து மூடலாம்" என்று நான்தான் தைரியம் சொன்னேன். குழாய் இறங்கிய அன்று போய்ப் பார்த்தோம். ஓர் ஆள் உள்ளே தவழ்ந்து போகலாம், அவ்வளவு அகலம். தொட்டிக்கு முன்னால் தொட்டியைவிட உயரமாக ஒரு விளம்பரப் பலகை வைத்தார்கள். ஒரு பெண் கண்ணாடித் தம்ளரில் தண்ணீரை வைத்துக்கொண்டு அதைக் குடிக்காமல் சிரித்துக்கொண்டே இருக்கிறாள், கீழே "சமூக வளர்ச்சிக்கு எங்கள் காணிக்கை" என்று எழுதியிருக்கிறது. திறப்பு விழாவில் நான் நான்கு பக்க உரை வாசித்தேன். அன்றைக்குத் தொட்டியில் இன்னும் தண்ணீர் ஏறியிருக்கவில்லை, ஆகவே புகைப்படத்துக்காக ஒரு லாரியைப் பின்னால் நிறுத்தி அதிலிருந்து ரப்பர் குழாய் வைத்து வரவழைத்தார்கள். படம் மிக நன்றாக வந்திருக்கிறது. நான் இடமிருந்து மூன்றாவது.

விழா முடிந்த மறுநாள் வீட்டு இணைப்பு கேட்டு நாற்பத்தோரு மனுக்களையும் ஒரே கட்டாகக் கட்டி இலாகாவுக்கு எடுத்துப் போனேன். உதவிப் பொறியாளர் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். கட்டைப் பிரிக்காமலேயே திருப்பிக் கொடுத்தார். "சார், இது வளர்ச்சிக்காகப் போட்ட குழாய். நீங்க வளர்ச்சி கிடையாது. நீங்க ஏற்கெனவே இருக்கறவங்க" என்றார். எனக்குப் புரியவில்லை. ஒப்பந்தத்தின் முப்பத்தோராம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். இந்தக் குழாயின் நீர், புதிதாகக் குடியேறுவோரின் தேவை போக மிஞ்சினால் மட்டும் பழைய தெருவுக்கு வழங்கப்படும், புதிய குடியிருப்பில் முந்நூறு வீடு நிரம்பும்வரை பழைய தெருவின் மனுக்கள் ஏற்கப்படமாட்டா என்று தெளிவாக இருந்தது. அந்த வரியில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது, அதைச் சிவப்பு மையில் போட்டவனும் நான்தான். "நீங்க திருத்தின பக்கந்தானே சார்" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன், வேறென்ன சொல்ல முடியும்.

அடுக்குமாடியில் எத்தனை வீடு நிரம்பியது தெரியுமா மச்சான்? ஒன்பது. தொள்ளாயிரத்தில் ஒன்பது. தொள்ளாயிரம் வீட்டுக்கான குழாயில் ஒன்பது வீட்டுக்காரர்கள் குளித்தால் தண்ணீர் எங்கே நகரும்? உள்ளேயே கிடக்கும். கிடக்கிற தண்ணீர் கெட்டுப்போகும், குழாயும் கெட்டுப்போகும். அதனால் இலாகாவில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு வால்வுக்காரர் சைக்கிளில் வருவார். எங்கள் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே, தெருவிலேயே தாழ்வான இடம் அதுதானாம், குழாயைக் கழுவிவிட ஒரு வாய் வைத்திருக்கிறார்கள். அதைத் திறந்துவிட்டு, கல் மேல் உட்கார்ந்து பீடி பற்றவைப்பார். நாற்பது நிமிடம். கண்ணாடி மாதிரித் தண்ணீர், என் இடுப்பு உயரத்துக்கு எழும்பிச் சாக்கடையில் விழும். மாடி ஜன்னலில் உங்கள் தங்கை காலிக் குடத்தோடு நின்று பார்ப்பாள். முதல் நாளே கீழே இறங்கிக் கேட்டுவிட்டாள். "ஏன்பா, இது குடிக்கிற தண்ணிதானே?" வால்வுக்காரர் சங்கடப்பட்டார். "குடிக்கிற தண்ணிதாம்மா. ஆனா இப்ப வர்றது குழாய் கழுவுற தண்ணி." "ரெண்டும் ஒரே தண்ணியா?" "ஒரே தண்ணிதாம்மா. பேப்பர்தான் வேற."

இதில் நான் எங்கே வருகிறேன் என்றால், ஒப்பந்தத்தின் நாற்பதாம் பக்கத்தில் வருகிறேன். கழுவும் நீரைப் பொதுமக்கள் யாரும் எடுக்கவில்லை என்பதற்குப் பொதுமக்கள் தரப்பிலிருந்தே ஒரு சாட்சி வேண்டுமாம், எடுத்து ஏதாவது ஆனால் இலாகா பொறுப்பாகக் கூடாது என்பதற்காக. செயலாளரைத் தவிர யார் இருக்கிறார்கள்? எனக்கு ஒரு பதிவேடு கொடுத்தார்கள். கெட்டி அட்டை, பக்க எண் அச்சிட்டது, ஒரு நாளைக்கு ஒரு பக்கம். தேதி, திறந்த நேரம், மூடிய நேரம், நீரின் நிறம், வாசனை, கடைசியாகப் பொதுமக்கள் பயன்பாடு, உண்டு அல்லது இல்லை, கீழே கையெழுத்து. ஓய்வு பெற்று ஆறு வருடத்துக்கு அப்புறம் ஒரு பதிவேடு கைக்கு வந்தது மச்சான். பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காலை சரியாக ஆறு மணிக்குச் சட்டை போட்டு, பேனாவைக் குத்திக்கொண்டு கீழே இறங்குவேன். மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு தண்ணீர் வீணாவதைப் பார்த்திருக்கிறேன். நிறம்: இல்லை. வாசனை: இல்லை. பொதுமக்கள் பயன்பாடு: இல்லை. இருநூற்று நாற்பத்து மூன்று நாள், ஒரு நாள் தவறாமல், ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. வாராவாரம் நகல் எடுத்து இலாகாவுக்கு நானே பதிவுத் தபாலில் அனுப்பிவைத்தேன். அவர்கள் கேட்கவில்லை. ஆனால் ஒரு வேலை என்று எடுத்தால் அப்படித்தான் செய்ய வேண்டும்.

தெருவின் கட்டுப்பாட்டை இங்கே பாராட்டாமல் இருக்க முடியாது. தையல்காரர், பாத்திரக்கடைக்காரர், முடிதிருத்துபவர், எல்லார் வீட்டிலும் தண்ணீர்க் கஷ்டம்தான். ஆனால் இந்த எட்டு மாதத்தில் ஒருவர்கூட வாளியோடு அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. நான் கதவைத் திறந்து இறங்கும்போது தெரு துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். "எல்லாம் உங்க கையெழுத்துக்கு இருக்கிற மரியாதை சார்" என்பார் தையல்காரர். தண்ணீர் லாரிக்காரர்கூட வியாபாரம் இல்லை என்று எங்கள் தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டார், அவ்வளவு சிக்கனமாக வாழப் பழகிவிட்டார்கள். இதை நான் இரண்டு கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன்.

இனி உங்கள் தங்கையின் தோள் விஷயம். தினமும் எட்டு நடை, பம்பிலிருந்து மாடிக்கு. நான் உதவவில்லையா என்று கேட்பீர்கள். பம்பில் கூட்டம் குறைவாக இருக்கும் நேரம் ஆறிலிருந்து ஆறே முக்கால், அந்த நேரத்தில் நான் பதிவேட்டில் இருக்கிறேன், என்ன செய்ய. அதோடு எனக்கு இடுப்பு. சரி, தோள் வலிக்கிறது என்றாள், டாக்டரிடம் நானேதான் கூட்டிக்கொண்டு போனேன். குடம் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். நான் அதைப் பற்றி நன்றாக யோசித்து, இனிமேல் முழுக்குடம் வேண்டாம், அரைக்குடமாகத் தூக்கு என்று சொன்னேன். "அப்ப பதினாறு நடை" என்றாள். கணக்கில் அவள் எப்போதுமே கெட்டி.

இருநூற்று நாற்பத்து நாலாம் நாள். ஆறு பத்துக்கு அவள் படியிறங்கி வந்தாள். கையில் நீலவாளி. வால்வுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். என் முகத்தைப் பார்த்தபடியே வாளியைக் கீழே வைத்தாள், நிரம்பியது, இடது கையால் எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். என் கண் முன்னால் நடந்தது மச்சான். என் கையில் பேனா, எதிரே அந்தக் கட்டம். வால்வுக்காரர், "விடுங்க சார், வீட்டம்மாதானே" என்றார். வீட்டம்மா என்பதற்காக விட்டால், இருநூற்று நாற்பத்து மூன்று நாள் நான் போட்ட கையெழுத்துக்கு என்ன அர்த்தம்? எழுதினேன். பொதுமக்கள் பயன்பாடு: உண்டு. ஒரு வாளி. கதவு எண் பதினேழு. வழக்கம் போல் வாரக் கடைசியில் நகலும் போயிற்று.

பத்து நாளில் இலாகாவிலிருந்து இரண்டு உறை வந்தது. ஒன்று கதவு எண் பதினேழின் குடும்பத் தலைவருக்கு எச்சரிக்கை. இன்னொன்று நலச் சங்கச் செயலாளருக்கு: மேற்படி எச்சரிக்கையை மேற்படி குடும்பத் தலைவரிடம் நேரில் சேர்ப்பித்து, ஒரு சாட்சியின் கையெழுத்தோடு ஒப்புகை அனுப்பவும். குடும்பத் தலைவரும் நான், செயலாளரும் நான். சட்டப்படி நான் எனக்கு நேரில் சேர்ப்பித்துக்கொண்டேன், பெற்றுக்கொண்டேன் என்றும் எழுதினேன். சாட்சிக் கட்டம் காலியாக இருந்தது. வீட்டில் இன்னொருத்தர் யார்? உங்கள் தங்கை தேங்காய்நார் வைத்துப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். "இதுல ஒரு கையெழுத்துப் போடு" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு, முழுவதையும் படித்தாள், நான்தான் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று அவளுக்குப் பழக்கியிருக்கிறேன். அழகாகக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி என் சட்டைப் பையில் குத்தினாள். அப்புறம் உள்ளே போய்த் தன் துணிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். "சமையலறைக் குழாயில தண்ணி வர்ற அன்னைக்குச் சொல்லி அனுப்புங்க, வரேன். அதுவரைக்கும் வீட்டுல ஆள் பயன்பாடு இல்லைன்னு எழுதிக்கோங்க." இதுதான் நடந்தது. கோபத்தில் ஒரு வார்த்தை நான் பேசியிருந்தால் கேளுங்கள்.

சரி, போனது போகட்டும். அவள் கேட்டது குழாயில் தண்ணீர், அதைக் கொண்டு வருவோம் என்று கிளம்பினேன். உதவிப் பொறியாளர் மறுபடியும் உட்காரச் சொன்னார். முந்நூறு வீடு நிரம்பினால் எங்கள் மனுவைப் பிரிப்பார்கள். ஆனால் ஆள் இருக்கிறார்களா என்று அவர்கள் கதவைத் தட்டி எண்ணுவதில்லை, குழாயின் மீட்டரைப் பார்த்துத்தான் எண்ணுவார்கள், வருகிற வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆய்வு என்றார். நான் வெளியே வருவதற்குள் கட்டடக்காரரின் விற்பனை மேலாளர், கழுத்தில் டை கட்டியவர், என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், வீடு இருக்கு, குழாய் இருக்கு, தண்ணி இருக்கு. திறக்க ஆள்தான் இல்லை. உங்க தெருவுல ஆள் இருக்காங்க. ரெண்டு மணி நேரம் வந்து உட்கார்ந்துட்டுப் போனா ரெண்டு பேருக்கும் நல்லது" என்றார். இது ஏமாற்று இல்லையா என்று கேட்டேன். "இல்ல சார், மாதிரி" என்றார். மாதிரி வீடு வைப்பார்கள், மாதிரிச் சமையலறை வைப்பார்கள், அதுபோல மாதிரி மக்கள். உங்கள் தங்கையின் முகத்தை நினைத்துக்கொண்டு சரி என்று சொன்னேன்.

வியாழக்கிழமை நாற்பத்தோரு குடும்பத்தையும் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு ஒரு சாவி கொடுத்து உள்ளே அனுப்பினேன். ஏதோ இரண்டு குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தேன். மச்சான், உங்களிடம் எப்படிச் சொல்வது. தையல்காரர் வீட்டில் மூட்டை மூட்டையாகக் கம்பளியும் ஜன்னல் திரையும் கொண்டு வந்திருந்தார்கள். பாத்திரக்கடைக்காரர் கடையையே பெயர்த்து எடுத்து வந்து பாத்திரம் துலக்கினார். முடிதிருத்துபவர் வெள்ளைக் குளியல் தொட்டியில் கழுத்துவரை தண்ணீரில் படுத்துக்கொண்டு, விற்பனை மேலாளர் கதவைத் தட்டியபோது, "வளர்ச்சி நடக்குது, அப்புறம் வாங்க" என்று உள்ளேயிருந்து சொல்லியிருக்கிறார். எனக்கு ஏழாவது மாடியில் ஒரு வீடு. நான் சமையலறைக் குழாயைத் திறந்தேன். விரல் நுனியால் தொட்டால் போதும், அப்படி விழுந்தது. கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் உங்கள் வீட்டுக்குப் போன் செய்து, அவளைக் கூப்பிடச் சொல்லி, பேசாமல் போனைக் குழாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், மூச்சு கேட்டது எனக்கு. "யார் வீடு?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

மீட்டரின் கதைக்கு வருகிறேன். பன்னிரண்டு மணிக்கு உதவிப் பொறியாளர் மீட்டரைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். தொள்ளாயிரம் வீடு நாள் முழுக்கச் செலவழிக்க வேண்டிய தண்ணீரை எங்கள் தெரு இரண்டு மணி நேரத்தில் செலவழித்திருந்தது. அங்கேயே நின்று குறிப்பு எழுதினார். அதன் நகல் என்னிடம் இருக்கிறது. "சமூக வளர்ச்சி எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக உள்ளது. தற்போதைய குழாய் இந்த வளர்ச்சிக்குப் போதாது. இதைவிடப் பெரிய குழாய் தெருவின் மறுபக்கத்தில் அமைக்கப்பட வேண்டும். அதுவரை பழைய தெருவின் இணைப்பு மனுக்களை நிறுத்திவைக்கலாம்." அதாவது நேற்றுவரை நாங்கள் வளர்ச்சி இல்லை என்பதால் தண்ணீர் இல்லை, இன்று முதல் வளர்ச்சி அதிகமாகிவிட்டதால் தண்ணீர் இல்லை. நான் அலறிவிட்டேன். "சார், அது நாங்கதான் சார்." அவர் என்னைத் தனியாக அழைத்துப் போய், "அதை எழுதிக் குடுங்க, ஆள்மாறாட்டம்னு நாற்பத்தோரு பேர் மேலயும் எழுதிடறேன்" என்றார். எழுதிக் கொடுக்கவில்லை. வாழ்க்கையில் நான் எழுதிக் கொடுக்காத ஒரே விஷயம் அதுதான்.

கட்டடக்காரருக்கு முகத்தில் வருத்தமே இல்லை. பெரிய குழாய் போட்டால் அதற்குத் தகுந்த மாதிரி இன்னும் மூன்று கோபுரம் கட்ட அனுமதி கிடைக்குமாம். என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அதையே சொன்னார், தெருவுக்கு ஒருத்தர் உங்களை மாதிரி வேணும் சார் என்று. புதிய ஒப்பந்தம் அறுபத்திரண்டு பக்கம், மேசை மேல் இருக்கிறது. பலகையில் இருக்கும் பெண்ணுக்கு இந்த முறை இரண்டு தம்ளர் கொடுக்கப்போகிறார்களாம். தோண்டுவதற்கு வெள்ளைக் கோடு போட்டாயிற்று. இதற்கிடையில் மறுநாள் காலை அடுக்குமாடியில் பழையபடி ஒன்பது வீட்டுக்காரர்கள்தான், குழாயில் தண்ணீர் நகரவில்லை, ஆறு மணிக்கு வால்வுக்காரர் சைக்கிளில் வந்துவிட்டார். காகிதத்தில் போதாத குழாயை ரோட்டில் நாற்பது நிமிடம் கழுவிவிட்டோம். நானும் கையெழுத்துப் போட்டேன். பொதுமக்கள் பயன்பாடு: இல்லை.

ஆக, மச்சான், இதில் என் தவறு எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். நான் விதியை மீறவில்லை, பொய் எழுதவில்லை, வேண்டியவர் வேண்டாதவர் பார்க்கவில்லை. நாற்பது வீட்டுக்காரர்கள் ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் கட்டுப்பாடாக இருக்கும்போது, செயலாளர் மனைவியே வாளியோடு வந்து நின்றால் ஊர் என்ன பேசும்? அவள் அதை யோசித்திருக்க வேண்டாமா? இருந்தாலும் நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. குழாய் வரவில்லை என்றாலும் மனு நிறுத்திவைக்கப்பட்ட நிலைக்கு வந்திருக்கிறது, முன்பு அதுகூட இல்லை. இதை அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். முடிந்தால் இந்தக் கடிதத்தை முழுமையாகப் படித்தே காட்டிவிடுங்கள், தன் பக்கம் பிசகு என்று அவளுக்கே தெரிந்துவிடும். வீட்டில் அக்காவுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகள் படிப்பிலும் உடம்பிலும் குறைவில்லாமல் ஓங்கி வளர என் ஆசிகள், அவர்கள் வளர்ச்சிக்காவது யாரும் மீட்டர் வைக்காமல் இருக்கட்டும். அவள் தோளுக்குத் தைலம் அலமாரியின் இரண்டாம் தட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், தனிப் பொட்டலமாக அனுப்புகிறேன்.

தங்கள் நலம் நாடும்,
மைத்துனன்,
செயலாளர், தெரு நலச் சங்கம்

பி.கு.: மச்சான், மேலே எழுதிய எதையும் அவளிடம் படித்துக் காட்ட வேண்டாம். நேற்று எழுதி முடித்ததை முதல் தபாலில் சேர்த்துவிடலாம் என்று இன்று காலை ஐந்தரைக்கே கடிதத்தோடு கீழே இறங்கினேன். எங்கள் வாசலுக்கு எதிரே தண்ணீர் திறந்திருந்தது. தெருவே நின்றிருந்தது மச்சான், நாற்பது வீடும், வாளி, குடம், எண்ணெய் டின், சத்தமில்லாமல் ஒழுங்காக வரிசையில். என்னைப் பார்த்ததும் யாரும் ஓடவில்லை. வால்வுக்காரர்தான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சார், நீங்க ஆறு மணிக்குத்தானே வருவீங்க" என்றார். முதல் வாரத்திலிருந்தே இப்படித்தானாம். ஐந்து மணிக்குத் திறப்பார், எல்லோரும் பிடித்துக்கொண்டு போவார்கள், ஆறு மணிக்குள் வாசல் ஈரத்தைக்கூடப் பெருக்கிவிடுவார்கள், அப்புறம் நான் வந்து கையெழுத்துப் போடுவேன். பம்புக்கு எட்டு மாதமாகப் போனது ஒரே ஒரு ஆள்தான்.

தையல்காரர் மனைவி குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அக்காவையும் தினம் கூப்பிட்டோம் சார். மாட்டேன்னுட்டாங்க. அவர் ஆறு மணிக்கு இல்லைன்னு எழுதுவாரு, நான் எடுத்தா அவரு எழுதறது பொய்யாயிடும், நான் பம்புலயே எடுத்துக்கறேன்னாங்க. தோள் முடியாமப்போன அன்னைக்குக்கூட ஒளிஞ்சு எடுக்க மாட்டேன், அவர் எதிரிலயே எடுக்கறேன், பார்த்துட்டு அவரே முடிவு பண்ணட்டும்னுதான் சார் வந்தாங்க." நான் முடிவு பண்ணியதுதான் உங்களுக்குத் தெரியுமே.

மூன்று வாரமாகக் கடைப்பையன் கொண்டுவந்து வைக்கும் கேன் தண்ணீரில் காலம் தள்ளியவன், இன்று ஒரு குடம் கேட்டு வாங்கி, பம்பில் அடித்து, நானே மாடிக்குத் தூக்கிப் பார்த்தேன். பதினோராவது படியில் உட்கார்ந்துவிட்டேன். பதிவேட்டை வால்வுக்காரரிடம் கொடுத்துவிட்டேன், வேறு சாட்சி பார்த்துக்கொள்ளட்டும். அறுபத்திரண்டு பக்கத்தை நான் படிக்கப்போவதில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் எட்டு மணி பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பிவிட்டு, பத்து மணி பஸ்ஸில் நானும் கிளம்பி வருகிறேன். அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிப் பார்த்தேன், வரவில்லை. நான் வருகிறேன் என்று மட்டும் சொல்லிவையுங்கள். அவள் வேண்டாம் என்றால் நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள், நான் வாசலில் நிற்கிறேன்.